கோவிலம்பாக்கத்தில் கடல் தண்ணீர்

டெஸ்ட் ட்யூபை எப்போதும் டிஸ்டில்டு வாட்டரில்தான் கழுவுவேன். அன்றைக்கு பாட்டில் காலி. முந்தைய நாள் சர்வேயில் பயன்படுத்திய ட்யூபின் அடியில் சில்வர் நைட்ரேட் நாலு சொட்டு மிச்சமிருந்தது. வெள்ளிக்கிழமை காலை, குக்கர் இரண்டாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ராஜகோபால், "வெஷத்தையெல்லாம் கொண்டாந்து பாத்திரம் கழுவற எடத்துல ஊத்தாதேன்னு எத்தன வாட்டி சொல்றது?" என்று வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல காதில் வாங்காமல் குழாயைத் திறந்து ட்யூபை நீட்டினேன். தண்ணீர் உள்ளே விழுந்ததும் ட்யூப் முழுக்க வெள்ளையாகிவிட்டது. லேசான மங்கல் இல்லை, தயிரைக் கரைத்து ஊற்றின மாதிரி கெட்டி வெள்ளை. குழாயை மூடக்கூடத் தோன்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எதற்கு இவ்வளவு அதிர்ச்சி என்று கேட்டால், என் பிழைப்பே அந்த வெள்ளைதான். நான் மரைன் கார்கோ சர்வேயர். கப்பலில் வந்த சரக்கு நனைந்திருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி என்னை அனுப்பும். எந்தத் தண்ணீரில் நனைந்தது என்று சொல்ல வேண்டியது என் வேலை. நனைந்த இடத்தில் கொஞ்சம் சுரண்டி எடுத்து, டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டால் போதும். உப்பு இருந்தால் வெள்ளையாகும். வெள்ளையானால் கடல் தண்ணீர், வழியில் கப்பலில் நனைந்தது, இன்ஷூரன்ஸ் கொடுத்தாக வேண்டும். தெளிவாக இருந்தால் மழையோ, வேறு ஏதோ. அது வேறு கதை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்கிற பரிசோதனைதான். இதை வைத்துக்கொண்டுதான் இருபத்திரண்டு வருஷமாகச் சோறு தின்கிறேன். அந்தத் திரவம் விரலில் பட்டால் கறுப்பாகிவிடும், பத்து நாளானாலும் போகாது. கல்யாண வீடுகளில் யாராவது ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துப் பார்த்து, "மருதாணி சரியாப் பிடிக்கலியா?" என்று கேட்காமல் இருந்ததில்லை.

"பாத்தியா உப்ப?" என்றார் ராஜகோபால், எட்டிப் பார்த்து. "அதான் டீ திரிஞ்சு போவுதுன்னு ஒரு மாசமா கத்தறேன்."

சேலையூரில் எங்கள் அபார்ட்மெண்ட் போர்வெல்லைப் போன மாதம்தான் இன்னும் நூறடி இறக்கினார்கள். அன்றிலிருந்து தண்ணீர் கரிக்கிறது. சோப்பு நுரைப்பதில்லை, வாளியில் வெள்ளைக் கறை. மனுஷர் தினமும் புலம்பினார். நானும் தினமும் கேட்டேன். டீயைப் பற்றிப் புலம்புகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், என் தொழிலைப் பற்றி என்று நினைக்கவே இல்லை. கேன் தண்ணீரில் டீ போடச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

சேலையூர்த் தண்ணீரே இப்படி வெளுக்கிறது என்றால் கோவிலம்பாக்கத்துத் தண்ணீர்? அங்கேயும் போர்வெல்தான். அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பத்தொன்பது நாள் முன்னால் அங்கே ஒரு சர்வே முடித்திருந்தேன். ஹிதாயத்துல்லா என்று ஒருவர், ஐம்பது வயதிருக்கும், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அட்டையை வெளிநாட்டிலிருந்து இறக்கி, அச்சகங்களுக்கு விற்கிறார். வைகாசி முகூர்த்தத்துக்காக ஒரு கன்டெய்னர் வரவழைத்திருந்தார். மரச்சட்டத்தின் மேல் அடுக்கிக் கட்டிய இருபது பேலட். சனிக்கிழமை சாயங்காலம் அவசர அவசரமாக இறக்கி அடுக்கிவிட்டு, லோடுமேன்கள் போய்விட்டார்கள். வியாழக்கிழமை ஒரு அச்சகத்துக்கு அனுப்பலாம் என்று பின்வரிசையில் கைவைத்தால் ஈரம். சுவர் பக்கம் இருந்த எட்டு பேலட்டும் அடியிலிருந்து இடுப்புயரம் வரை நனைந்து, அட்டை அப்பளமாக நெளிந்திருந்தது. நான் போய்ச் சேருவதற்குள் கன்டெய்னரைக் காலியாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே நின்று கதவைச் சாத்தி, வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கிற வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் காலி கன்டெய்னரைத் திருப்பி வாங்கியபோது யார்டில் எழுதின கேட் சீட்டில், 'கதவு ரப்பர் கிழிசல்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பார்த்ததுமே என் மனசு பாதி முடிவு எடுத்துவிட்டது. சொட்டு விட்டேன், வெளுத்தது. மீதிப் பாதியும் முடிந்தது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன், சருகாகக் காய்ந்திருந்தது. மேலே கூரையில் ஓட்டை இல்லை. பதினொரு மணி வெயிலில் குடோன் தகித்தது.

பண்ண வேண்டியது இன்னும் ஒன்றே ஒன்று இருந்தது. அந்தக் கட்டடத்துக் குழாயிலிருந்து ஒரு மூடி தண்ணீர் பிடித்து, அதிலும் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்திருக்க வேண்டும். நான் தொழில் பழகியது துறைமுகத்தை ஒட்டிய குடோன்களில். அங்கே கார்ப்பரேஷன் தண்ணீர் வரும், கரிக்காது, யாரும் அதைச் சோதித்து நான் பார்த்ததில்லை. பாரிமுனையில் ஒரு சர்வே ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, மற்றவர்கள் எழுதின ரிப்போர்ட்டுகளை நாலு வருஷம் அடித்து, அதில் வருகிற வார்த்தைகள் மனப்பாடமாகி, அப்புறம் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினவள் நான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி வேறு. கப்பலின் தொங்கு படிக்கட்டில் முதல்முறை ஏறியபோது கீழே நின்றவர்கள் விழுந்துவிடுவேன் என்று பந்தயமே கட்டினார்கள். அதையெல்லாம் தாண்டி வந்த திமிர் ஒன்று எனக்கு உண்டு. "வாணி மேடம் சொன்னா சொன்னதுதான்" என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் சொல்கிறபோது உள்ளுக்குள் குளிரும், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அந்த சர்வேயில் எதிர்த்தரப்பும் இருந்தது. இன்ஷூரன்ஸ் பணம் கொடுத்துவிட்டு, கடல் தண்ணீர்தான் என்று காட்டிக் கப்பல் கம்பெனியிடம் வசூல் பண்ணிக்கொள்ளும். அதனால் கப்பல் கம்பெனியும் தன் சார்பில் ஒரு சர்வேயரை அனுப்பும். வந்தவர் சாம்பசிவன் சார். கப்பலில் செகண்ட் ஆபீஸராக இருந்து கரைக்கு வந்தவர், அறுபத்தொரு வயது, செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் வீடு. முட்டி ஆபரேஷன் ஆகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பின்வரிசை வரைக்கும் அவரால் வர முடியவில்லை, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் ட்யூபைக் கொண்டுபோய்க் காட்டினேன். "நீ பாத்துட்டேல்ல? போதும்" என்று நான் எழுதின சர்வே குறிப்பில் கையெழுத்துப் போட்டார். இருவரும் கையெழுத்துப் போட்ட குறிப்பு என்றால் அப்புறம் யாரும் அசைக்க முடியாது. என் ரிப்போர்ட் போய்விட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்றுக்கொண்டுவிட்டது. அடுத்த வாரம் ஹிதாயத்துல்லாவுக்குப் பணம் வந்துவிடும்.

நான் சாம்பசிவன் சாருக்கு போன் போட்டேன்.

"சொல்லு வாணி."

"சார், அந்தக் கோவிலம்பாக்கம் அட்டை மேட்டர்..."

"அது முடிஞ்சு போச்சேம்மா. என்னையும் சேத்து முடிச்சுட்டாங்க" என்று சிரித்தார். "கம்பெனி சர்வேயர் லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்க. திங்கக்கிழம மெயில் வந்துது. கன்டெய்னரப் பாக்கல, சரக்குகிட்டயே போகல, ஒக்காந்த எடத்துல ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருக்கேன். யாரு வெச்சுப்பாங்க?"

"எங்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"சொல்லி? ஒன் வேலைய நீ ஒழுங்கா செஞ்ச. ஒங்கிட்ட வந்து ஒப்பாரி வெக்கவா?"

ஒழுங்காகச் செய்தேனாம். அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. குழாய்த் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன்.  அந்தப் பக்கம் ஏரிக்கரை ரோட்டில் போகிற வண்டிகளின் ஹாரன் கேட்டது.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?" என்றார்.

"இல்ல."

"அப்ப சொல்லாத. கொழாத் தண்ணியும் வெளுக்குதுங்கறதால அட்டையில பட்டது கடல் தண்ணி இல்லேன்னு ஆயிடாது, ரப்பர் கிழிஞ்சிருந்தது நெஜம்தானே? எனக்கு எப்படியும் ரெண்டு வருஷம்தான் ஓடும், பென்ஷன் மாதிரி கொஞ்சம் சேத்து வெச்சிருக்கேன். ஒனக்கு இன்னும் பதினஞ்சு வருஷ சர்வீஸ் இருக்கு வாணி. குடுத்த ரிப்போர்ட்டத் திருப்பி வாங்கின சர்வேயர எவனும் அப்புறம் கூப்பிட மாட்டான்."

எனக்குக் கோபம் வந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நாளைக்குக் காலைல கோவிலம்பாக்கம் வரீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"வந்து?"

"கொழாத் தண்ணி பிடிக்கணும். அன்னிக்கே பிடிச்சிருக்கணும்."

பெருமூச்சு விட்டார். "ஒம்போது மணிக்கு எனக்கு பிசியோதெரபி. ஆறரைக்கு வரேன்."

ராஜகோபால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இட்லி தின்றார். ரயில்வேக்காரர், தப்புகளுக்கு விசாரணைக் கமிஷன் வைக்கிற இடத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். "யாராவது கேட்டாங்களா ஒன்ன?" என்றார். இல்லை என்றேன். "அப்பறம் எதுக்கு நீயே போய்த் தலைய குடுக்கற?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைக்கு முழுக்க இரண்டு சர்வே பார்த்தேன், இரண்டிலும் எழுதியது என்னவென்று இப்போது கேட்டால் தெரியாது. உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. சுவர் காய்ந்துதானே இருந்தது? குழாய்த் தண்ணீர் உப்பாகவே இருக்கட்டும், அது அட்டையின் மேல் போய் விழ வழியில்லையே? வழி இல்லை என்று நேரில் பார்த்துவிட்டால் என் ரிப்போர்ட் நிற்கும், நான் நிம்மதியாகத் தூங்குவேன். ஹிதாயத்துல்லாவுக்கும் போன் பண்ணினேன். "சின்னதா ஒரு செக்கிங் பாய், வர முடியுமா?" என்றேன். "விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு நேரா வந்துடறேன் மேடம்" என்றார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். குடோன் தரைத்தளம், மேலே இரண்டு மாடியும் வேலைக்குப் போகிற பெண்கள் தங்குகிற ஹாஸ்டல். கேட்டைத் திறந்த அம்மாள் பெயர் தனம். ஹாஸ்டலுக்குப் பெருக்குவது, மோட்டார் போடுவது, குடோன் சாவி ஒன்றை வைத்துக்கொள்வது எல்லாம் அவள்தான். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"நீதானே அன்னிக்கி வந்தது? ட்யூபெல்லாம் வெச்சிகினு இருந்தியே. நான் ரத்தம் டெஸ்ட் பண்றவங்கன்னு நென்சுகினேன்."

ஆட்டோவில் சாம்பசிவன் சார் வந்து இறங்கினார். கைத்தடியோடு இந்த முறை உள்ளேயே வந்தார். பின்வரிசை வரைக்கும் போனோம். நனைந்த எட்டு பேலட்டையும் ஓரமாக நகர்த்தி வைத்திருந்தார்கள், அந்த இடத்தில் முந்தின நாள் சாயங்காலம் புதிதாக வந்த வேறு ஆறு பேலட் அடுக்கியிருந்தது. சுவரைத் தொட்டேன். காய்ந்திருந்தது. "பாத்தியா?" என்றார் சார். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

அப்போது வெளியே தனம் மோட்டார் ஸ்விட்சைப் போட்டாள்.

சுவருக்குள் கொரகொரவென்று ஒரு சத்தம் ஏறியது. மூன்றடி உயரத்தில், பேலட்டுக்கும் சுவருக்கும் நடுவில், பூச்சு விரிந்த இடத்தில் கறுப்பாக ஒரு ஈரம் படர்ந்தது. பிறகு அங்கிருந்து ஊசி மாதிரி ஒரு பீச்சல் கிளம்பி, நேராகப் போய்ப் புது அட்டையின் மேல் விழுந்தது, வழிந்து சுவரோரமாக அடுத்தடுத்த பேலட்டுக்கு அடியில் ஓடியது. நானும் சாரும் பார்த்துக்கொண்டே நின்றோம். மேலே தொட்டிக்குப் போகிற குழாய் சுவருக்குள் பதித்திருக்கிறது, ஜாயிண்ட் விட்டுப்போயிருக்கிறது. மோட்டார் ஓடினால் பீச்சும், நின்றால் நிற்கும், வெயில் ஏறினால் சுவர் காய்ந்துவிடும். நான் போனது பதினொரு மணிக்கு.

"மோட்டார நிறுத்து! நிறுத்தும்மா!" என்று கத்தினேன்.

தனம் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். "இது ரெண்டு மாசமா அடிச்சிகினுதான் கீது. பில்டிங் ஓனராண்ட சொன்னேன். பாக்கலாம்னாரு."

"பாய்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அவுரு ஒம்போது மணிக்கு வராரு, அப்ப ஏது தண்ணி? பொட்டி நனையுதுன்னு எனக்கு இன்னா தெரியும், அதான் பிளாஸ்டிக் சுத்தி வெச்சிக்கிறாங்களே." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அன்னிக்கி நீ வந்தியே, இங்கியேதான் பெருக்கிகினு இருந்தேன். அல்லாரையும் கேட்ட. காயிதமெல்லாம் வாங்கிப் பாத்த. என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. அவள் பெருக்கிக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம்கூட இல்லை. என் ஷூவுக்குப் பக்கத்தில் துடைப்பம் வந்தபோது நகர்ந்து நின்றிருப்பேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு சாம்பசிவன் சார் அவளிடம், "நானும் கேக்கலம்மா" என்றார்.

ஹிதாயத்துல்லா பைக்கை நிறுத்திவிட்டு, தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தார். "என்னா மேடம், இன்னும் எதனா கெட்டுப்போச்சா?" என்றார்.  தனத்தை மறுபடி மோட்டார் போடச் சொன்னேன். பீச்சியது. அவர் ஓடிப்போய் இரண்டு கையாலும் அந்த ஓட்டையைப் பொத்தினார், விரல் இடுக்கு வழியாக முகத்தில் அடித்தது. நிறுத்தியதும் கையை எடுத்தார். நான் டிஸ்டில்டு வாட்டரில் அலசின ட்யூபில் அந்தக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து இரண்டு சொட்டு விட்டேன். வெளுத்தது. அன்றைக்கு அவருக்குக் காட்டின அதே வெள்ளை.

"அப்ப கடல் தண்ணி?" என்றார்.

"தெரியாது பாய். ஆனா இதுவா இருக்கத்தான் நூத்துக்குத் தொண்ணூறு சான்ஸ். நான் அன்னிக்கே பாத்திருக்கணும், பாக்கல. தப்பு என்னோடது."

 கப்பலில் நனைந்தால்தான் அந்த பாலிசி. குடோனுக்கு வந்து சேர்ந்தபிறகு நனைந்தால் அவருக்கு ஒன்றும் கிடையாது, குடோனுக்கென்று அவர் தனியாக எதுவும் எடுத்திருக்கவில்லை. அவருக்கும் அது தெரியும். நனைந்த எட்டையும், இப்போது நனையத் தொடங்கியிருந்த ஆறையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரிப்போர்ட் குடுத்துட்டீங்கள்ல?" என்றார் மெதுவாக. "பாஸும் ஆயிடுச்சு."

"வாபஸ் வாங்கறேன். அது நான் பண்ண வேண்டியது, அதுல ஒங்களுக்கு வேலை இல்ல."

பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் சுவர் ஓட்டையில் வடிந்துகொண்டிருந்த மிச்சத் தண்ணீரைப் பிடித்தேன். மூடியின் மேல் ஒரு காகிதப் பட்டை ஒட்டி, தேதி, நேரம், இடம் எழுதினேன். சாம்பிள் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. எடுத்தவர், எதிர்த்தரப்பு, சரக்குக்காரர் என்று மூவரும் அந்தப் பட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் லேபில் அதைத் தொடுவார்கள், நனைந்த அட்டையோடு வைத்து இரண்டும் ஒரே தண்ணீரா என்று சொல்வார்கள். நான் போட்டுவிட்டுச் சாரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நான் இப்ப யாரு தரப்பும் இல்ல வாணி" என்றார். "எனக்கு இதுல கையெழுத்துப் போட அதிகாரம் கெடையாது."

அப்படியானால் ஹிதாயத்துல்லா ஒருவர்தான். எதிர்த்தரப்பு இல்லாதபோது சரக்குக்காரர் கையெழுத்து இருந்தால் லேபில் வாங்கிக்கொள்வார்கள். அவருடைய கையெழுத்தும் இல்லாவிட்டால் அது வெறும் பாட்டில் தண்ணீர். நான் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அப்போது லேப் இல்லை. நான் ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கினாலும், ரப்பர் கிழிசல் என்ற அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவர் கேஸ் போடலாம், வேறு சர்வேயரைக் கொண்டு வரலாம், ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். எனக்கு மட்டும் வேலை போகும். சாருக்குப் போனது போனதுதான். இவ்வளவையும் அவரிடம் அப்படியே சொன்னேன். மறைத்து வாங்கினால் அந்தக் கையெழுத்து எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

"போடலேன்னா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன் பாய்."

"போட்டா?"

"போட்டா, இது ஒங்க குடோன்ல பிடிச்ச தண்ணின்னு நீங்களே ஒத்துக்கறீங்க. அப்பறம் மாத்திச் சொல்ல முடியாது."

மாடியிலிருந்து ஒரு பெண் தண்ணீர் வரவில்லை என்று குரல் கொடுத்தாள். தனம் பொறுக்கச் சொல்லிக் கத்தினாள். ஹிதாயத்துல்லா பாட்டிலை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். குடிக்கிற தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தவர், பாட்டிலை நனையாத ஒரு பேலட்டின் மேல் வைத்து, என்னிடம் பேனாவைக் கேட்டார். குனிந்து பட்டையின் மேல் பேனாவை வைத்தார். கை இன்னும் ஈரமாக இருந்தது, காகிதமும் நனைந்து மை பிடிக்கவில்லை, வெறும் கோடு விழுந்தது. நிமிர்ந்தார். உள்ளங்கை இரண்டையும் சட்டையில் அழுத்தித் துடைத்தார், பட்டையை வாயால் ஊதிக் காயவைத்தார், மறுபடி குனிந்தார்.